மளிகைக் கடையில் மாத்திரை: புதுச்சேரி கண்ட இரு சட்ட மரபுகள்

முன்னுரை

காய்ச்சல், தலைவலி வந்தால் மருத்துவரிடம் போகுமுன் தெருமுனைக் கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். கடைக்காரர் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரைகளைக் கத்தரித்துக் கொடுப்பார். விற்பவரும் வாங்குபவரும் இதைத் தவறாக நினைப்பதில்லை. சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? புதுச்சேரி நகரைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு விடை காண, பிரெஞ்சு நாட்டுச் சட்ட மரபையும் ஆங்கிலேய இந்தியாவின் சட்ட மரபையும் சேர்த்தே அறிய வேண்டும்.

பிரெஞ்சு மரபு

பழைய ஐரோப்பாவில் மளிகை வணிகரும் மருந்து வணிகரும் ஏறக்குறைய ஒரே தொழிலினர். மிளகு, கிராம்பு விற்றவர்களே மருந்துச் சரக்குகளையும் விற்றனர். 1777ஆம் ஆண்டு ஏப்ரல் 25 அன்று வெளியான பிரெஞ்சு அரச ஆணை, பாரிசு நகரில் மருந்தாளுநர்களை மளிகை வணிகரிடமிருந்து பிரித்தது. 1803ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுவதற்கும் விதி வகுத்தது. தயாரித்த மருந்து எதையும் மளிகைக் கடையினர் விற்கக் கூடாது. மீறினால் 500 பிராங்கு தண்டம். கலக்காத மூலச் சரக்குகளை மொத்தமாக விற்க மட்டும் அவர்களுக்கு இடமிருந்தது.

இந்த மரபு பிரான்சில் இன்றும் வலுவாக உள்ளது. அங்கே பாராசிட்டமால் மாத்திரையைக்கூட மருந்தாளுநர் இருக்கும் மருந்தகத்தில்தான் வாங்க முடியும். இந்த நாட்டின் ஆட்சியில்தான் புதுச்சேரி 1954 வரை இருந்தது. 1863இல் இங்கே ஒரு மருத்துவப் பள்ளியும் தொடங்கப்பட்டது.

ஆங்கிலேய இந்தியா: கொய்னா தந்த பாடம்

புதுச்சேரியைச் சுற்றியிருந்த சென்னை மாகாணம் வேறு வழியில் சென்றது. மலேரியாவுக்கு மருந்தான கொய்னா மக்களை எட்ட வேண்டும் என்பதே அங்கு முதல் கவலை. நீலகிரியில் சின்கோனா மரங்கள் பயிரிடப்பட்டன. நடுவட்டத்தில் அரசே கொய்னா தயாரித்தது. வங்காளத்தில் 1892 முதல் அஞ்சலகங்களில் ஒரு பைசாப் பொட்டலங்களாகக் கொய்னா விற்கப்பட்டது. மருந்தாளுநர் இல்லாத நாட்டில் அஞ்சல்காரரே மருந்து வணிகர் ஆனார்.

மருந்து பரவியது போலவே கலப்படமும் பரவியது. கொய்னா முதலிய மருந்துகள் தரங்குறைந்து விற்கப்படுவதாகப் புகார்கள் எழுந்தன. 1930இல் ராம்நாத் சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கையின் தொடர்ச்சியாகவே 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டமும், 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளும், 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டமும் பிறந்தன.

1963: புதுச்சேரிக்கு வந்த சட்டம்

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவேறியது. அடுத்த ஆண்டு கொண்டுவரப்பட்ட புதுச்சேரி சட்டங்கள் ஒழுங்குமுறை, பல இந்தியச் சட்டங்களை இப்பகுதிக்கு விரிவாக்கியது. 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டமும் அவற்றுள் ஒன்று. 1963 அக்டோபர் 1 முதல் காரைக்கால், மாகி, ஏனாம் உள்ளிட்ட புதுச்சேரி முழுவதும் மருந்து விற்க இந்திய முறைப்படி உரிமம் பெற வேண்டியதாயிற்று.

ஆயிரம் பேர் ஊர்

மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கத்தக்க மருந்துகள் என்று இந்தியச் சட்டத்தில் தனிப்பிரிவு வகுக்கப்படவில்லை. சீட்டுடன் மட்டுமே விற்க வேண்டியவை 'எச்', 'எச் 1', 'எக்ஸ்' அட்டவணைகளில் உள்ளன. அவற்றில் இல்லாதவற்றைச் சீட்டின்றி வாங்கலாம். ஆனால் அவற்றை விற்கவும் கடைக்கு உரிமம் வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு 'கே' அட்டவணையின் 13ஆம் பதிவில் உள்ளது. ஆஸ்பிரின், பாராசிட்டமால், அமிலமுறி மருந்துகள், இருமல் மருந்துகள், வலி தைலங்கள், தீப்புண் களிம்பு, பஞ்சு, கட்டுத்துணி, விளக்கெண்ணெய், யூகலிப்டஸ் எண்ணெய் போன்ற வீட்டு மருந்துகளை உரிமமின்றி விற்கலாம் என்கிறது அது. நிபந்தனைகள் கடுமையானவை. ஊரின் மக்கள்தொகை 1000க்கு மேல் இருக்கக் கூடாது. அங்கே உரிமம் பெற்ற மருந்துக் கடை இருக்கக் கூடாது. உரிமம் பெற்றவரிடமே கொள்முதல் செய்ய வேண்டும். பிரிக்காத உறையோடுதான் விற்க வேண்டும்.

இந்த நிபந்தனைகள் சட்டத்தின் மனத்தைக் காட்டுகின்றன. பாராசிட்டமால் தீங்கற்றது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. மருந்துக் கடை தொலைவில் இருக்கும் சிற்றூராரின் நெருக்கடிக்கே இடம் கொடுத்தது. தெருவுக்குத் தெரு மருந்துக் கடை உள்ள புதுச்சேரி நகருக்கு அந்தக் காரணம் பொருந்தாது. எனவே நகரின் பெட்டிக்கடையில் மாத்திரையைக் கத்தரித்து விற்பது சட்டத்துக்குப் புறம்பானது. உரிமமின்றி மருந்து விற்பவருக்கு 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 3 முதல் 5 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 1 லட்சம் ரூபாய் தண்டமும் விதிக்கலாம்.

ஆனாலும் சாதாரணக் கடைக்காரருக்கு வழி முற்றிலும் அடைபடவில்லை. மருந்தாளுநர் மேற்பார்வை தேவைப்படாத மருந்துகளை மட்டும் விற்க, 20-ஏ, 21-ஏ படிவங்களில் கட்டுப்படுத்தப்பட்ட உரிமம் வழங்க விதி உண்டு.

தைலத்துக்கு வேறு விதி

அதே கடையில் தொங்கும் தைலப் புட்டி பெரும்பாலும் சட்டத்துக்கு உட்பட்டதே. காரணம், அது ஆயுர்வேத அல்லது சித்த மருந்தாகப் பதிவாகியிருக்கும். ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகள் 1964இல் இச்சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டன. அவற்றைத் தயாரிக்க உரிமம் வேண்டும், விற்கத் தேவையில்லை. நாட்டு மருந்துக் கடைகள் இயங்குவதும் இதனால்தான்.

பிற நாடுகளின் அனுபவம்

பிரிட்டனில் சாதாரணக் கடைகளிலும் பாராசிட்டமால் கிடைக்கும். ஆனால் அளவுக்கு மீறி விழுங்கி உயிரிழப்போர் மிகுந்ததால், 1998 முதல் அத்தகைய கடைகளில் ஒரு பெட்டிக்கு 16 மாத்திரைகள் என வரம்பு வந்தது. சுவீடன் 2009இல் மருந்தகத்துக்கு வெளியே விற்பனையை அனுமதித்தது. நச்சுப் பாதிப்புகள் கூடியதால் 2015 நவம்பரில் பாராசிட்டமால் மாத்திரைக்கான அனுமதியைத் திரும்பப் பெற்றது.

அண்மைய மாற்றங்கள்

இந்திய அரசு 2022 மே மாதம் ஒரு வரைவு அறிவிப்பு வெளியிட்டது. 16 மருந்துகளைச் சீட்டின்றி விற்கலாம், ஐந்து நாள் தேவைக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் மருந்தால் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். அம்மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதன் பின், 'கே' அட்டவணையின் வீட்டு மருந்துப் பட்டியலிலிருந்து இருமல் பாகை நீக்க வரைவு வெளிவந்தது. அக்குழந்தைகளில் பலருக்கு மருத்துவரே அம்மருந்தை எழுதிக் கொடுத்திருந்தார் என்பதை மறக்கலாகாது. விற்கும் இடத்தை மட்டும் கட்டுப்படுத்தினால் போதாது, தயாரிக்கும் இடத்தையும் சோதிக்க வேண்டும்.

முடிவுரை

கத்தரித்த அட்டைத் துண்டில் காலாவதி நாள் பெரும்பாலும் இருக்காது. மருந்தின் பெயரும் பாதியாகத்தான் இருக்கும். நலமான ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்குப் பாராசிட்டமாலின் உச்ச அளவு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. மிஞ்சினால் கல்லீரல் பழுதாகும். பல சளி மாத்திரைகளிலும் இதே மருந்து கலந்திருப்பதைப் பெட்டிக்கடைக்காரர் அறியார். டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பிரின் இரத்தக்கசிவை மிகுவிக்கும் என்பதையும் அவரிடம் எதிர்பார்க்க முடியாது.

கூலி வேலைக்குப் போகும் ஒருவர் இரவு பத்து மணிக்குக் காய்ச்சலோடு கடைக்கு வருவதும் உண்மையே. அவரைத் தண்டனையால் தடுக்க முடியாது. அந்த நேரத்தில் திறந்திருக்கும் மருந்துக் கடையும், அங்கே காசு கேட்காமல் விளக்கம் சொல்லும் மருந்தாளுநரும் அவருக்கு வேண்டும். பிரெஞ்சு மரபு மருந்தாளுநரை முன்வைத்தது. ஆங்கிலேய மரபு எட்டாத ஊருக்கும் மருந்து போக வேண்டும் என்றது. இரண்டையும் கண்ட புதுச்சேரிக்கு இரண்டும் சேர்ந்தே தேவை.