மண்டபமும் ஓராண்டு வாரியமும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கு அருகே அமைந்த மணிமங்கலம், முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் இரண்டாம் புலிகேசியை முறியடித்த போர்க்களமாகவே பெரிதும் அறியப்படுகிறது. ஆயினும் அவ்வூர்க் கோயிலிலுள்ள சோழர் கல்வெட்டுகள் அதனைச் செங்காட்டுக் கோட்டத்து இராஜசூளாமணிச் சதுர்வேதிமங்கலம் என்று குறிப்பதால், அது பிராமணர்க்குக் கொடையளிக்கப்பட்டுச் சபையால் ஆளப்பட்ட ஊர் என்பதும் விளங்குகிறது. இத்தகைய சபைகள் பெரும்பாலும் கோயில் மண்டபங்களிலேயே கூடின.

அந்த ஆட்சிமுறையை மிக விரிவாகச் சொல்பவை, இதே மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள். வாரியம் எனப்பட்ட நிர்வாகக் குழுக்களுள் சம்வத்சர வாரியத்துக்கு 12 பேரும், தோட்ட வாரியத்துக்கு 12 பேரும், ஏரி வாரியத்துக்கு 6 பேரும், குடும்பு எனப்பட்ட 30 ஊர்ப்பகுதிகளிலிருந்து எடுக்கப்பட்டனர். பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, எல்லாரும் காணும்படி உயர்த்திக் காட்டி, விவரமறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அவன் தந்த ஓலையை மத்தியஸ்தன் எனும் நடுவர் ஐந்து விரலையும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்பது வரை விதி இருந்தது. பதவிக்காலமோ 360 நாள்தான். முந்தைய மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவர் பெயர் குடத்தில் சேராது. ஆண்டுதோறும் ஆள் மாறிய இந்த ஏற்பாட்டுக்கு, எவருடைய தனியறையும் ஆகாத தூண் மண்டபம் பொருந்திப் போனதில் வியப்பில்லை.

மண்டபத்தின் பயன் சபையோடு முடியவில்லை. பாலாற்றங்கரைத் திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்து, ஏறக்குறைய 1068 ஆம் ஆண்டின் கல்வெட்டு, கோயிலின் ஜனநாத மண்டபத்தோடு வேதக் கல்லூரியையும் மாணவர் விடுதியையும் ஆதுலர்சாலை எனும் மருத்துவமனையையும் இணைத்துப் பேசுகிறது. அங்கே 15 படுக்கைகளும், மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்கள், நாவிதர் என வெவ்வேறு பணியாளரும் இருந்தனர். அவரவர்க்குரிய ஊதியமும் கல்லிலேயே வகுக்கப்பட்டிருந்தது.

இடம் நெகிழ்ந்து கொடுத்த அளவுக்கு உரிமை நெகிழவில்லை. வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயதும், வேதப் பயிற்சியும் உடையவர்க்கே உத்திரமேரூரின் 921 ஆம் ஆண்டு விதி இடமளித்தது. வேதம் வல்லவராயின் அரைக்கால் வேலி போதும் என்ற சலுகையும் அவ்வட்டத்தைத் தாண்டவில்லை. அந்த நிலங்களை உழுத குடிகளின் பெயர் ஒருமுறைகூடக் குடத்துக்குள் போனதில்லை.