மூளைக்குள் ஒரு சாரம்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் கழிகளைக் கட்டிச் சாரம் அமைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேலை முடிந்ததும் அதைப் பிரித்துவிடுவார்கள். நமது மூளையிலோ பிரிக்கக் கூடாத சாரம் ஒன்று இருக்கிறது.

ஒரு நரம்பு செல் தன் செய்தியை அடுத்த செல்லிடம் ஒப்படைக்கும் இடத்திற்கு சினாப்ஸ் என்று பெயர். செய்தியைப் பெறும் பக்கத்தில், சவ்விலுள்ள ஏற்பிகளை உள்ளிருந்து தாங்கும் புரதங்களுள் ஒன்று ஷாங்க்-3. இப்புரதக் குடும்பத்தை விஞ்ஞானிகள் இனங்கண்டது 1999-இல்தான். ஆனால் கதை அதற்கு முன்பே மருத்துவமனைகளில் தொடங்கிவிட்டது.

1980-களின் நடுவில், 22-ஆம் குரோமோசோமின் நுனி அற்றுப்போன குழந்தைகளைப் பற்றிய செய்திகள் வரலாயின. அவர்களுடைய தசைகள் தளர்ந்திருந்தன. பேச்சு மிகத் தாமதமாயிற்று. பலருக்கு வரவே இல்லை. இன்று இதனை ஃபீலன்-மெக்டெர்மிட் நோய் என்கிறோம். அற்றுப்போன துண்டில் ஜீன்கள் பல இருந்தன. அவற்றுள் எது இல்லாததால் இத்தனை தொல்லை?

விடைக்கு வழிகாட்டியவன் ஒரு சிறுவன். அவனுடைய 12-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் தம் துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தன. துண்டு எதுவும் தொலையவில்லை. நோய்க்குறிகளோ அப்படியே இருந்தன! முறிவு ஷாங்க்-3 ஜீனின் குறுக்கே விழுந்திருந்ததை 2001-இல் இத்தாலியில் பொனாலியா குழுவினர் கண்டனர்.

2007-இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தின் தாமஸ் பூர்ஜெரோன் குழுவினர், ஆட்டிசம் உள்ள சிலரிடம் இதே ஜீனில் பழுதைக் கண்டனர். தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இந்த ஜீன் நமக்கு இரண்டு உண்டு. ஒரு குடும்பத்தில் ஒரு சிறுமிக்கு ஒன்று குறைந்திருந்தது. பேச்சு பெரிதும் பின்தங்கியிருந்தது. அவளுடன் பிறந்தவனுக்கோ ஒன்று கூடுதல். அவன் சரளமாகப் பேசினான், ஆனால் பிறரோடு பழகுவதில் இடர்ப்பட்டான். சாரம் குறைந்தாலும் தொல்லை, மிகுந்தாலும் தொல்லை.

ஆட்டிசம் அனைத்திற்கும் இதுவே காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். நூற்றில் ஏறத்தாழ ஒருவரிடமே இப்பழுது காணப்படுகிறது. எனினும், தாயின் அன்பின்மையே ஆட்டிசத்தை விளைவிக்கிறது என்று 1960-களில் எழுதிய மேதைகளுக்கு இந்த ஒன்றே போதுமான மறுப்பு.

பழுதைப் பின்னர் சரிசெய்ய முடியுமா? அமெரிக்காவில் குவோபிங் ஃபெங் குழுவினர், இந்த ஜீன் அடங்கிக் கிடக்குமாறு சுண்டெலிகளை உருவாக்கினர். அவை தம் உடலை ஓயாமல் நக்கியும் சொறிந்தும் புண்ணாக்கிக்கொண்டன; மற்ற எலிகளை அண்டவில்லை. வளர்ந்த பின் ஜீனை இயங்கச் செய்தபோது இவ்விரண்டும் மாறின என்று 2016-இல் அறிவித்தனர். ஆனால் அச்சமும் நடைத் தடுமாற்றமும் நீங்கவில்லை. பிறந்து 20 நாட்களில் இயக்கிய எலிகளிடம் அவையும் குறைந்தன.