பலவீனர் யார்? தமிழ்ச் சபையில் மனச்சாட்சியும் சாதியும்

1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் ஆரோன் குருப்பட்டம் பெற்றார். இந்தியச் சீர்திருத்தத் திருச்சபையின் முதல் சுதேசக் குரு அவரே, கடலூர் வெள்ளாளர். இரண்டாவது குருவைத் தெரிந்தெடுக்கும் பேச்சு எழுந்தபோது இராஜநாயக்கன் பெயரும் முன்வந்தது. தஞ்சை மன்னரின் படையில் இருந்தவர், பறையர், தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக உழைத்தவர். ஆனால் அவர் கையிலிருந்து திருவிருந்து பெற மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் ஒப்பமாட்டார்கள் என்று மிஷனரிகள் அஞ்சினர். 1741-இல் பட்டம் தியோகுவுக்குச் சென்றது. இராஜநாயக்கன் 1771-இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

அந்த அச்சத்துக்கு வேதாகமத்தில் ஓர் ஆதாரம் காட்ட முடியும் என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. விக்கிரகங்களுக்குப் படைத்த இறைச்சியைக் கிறிஸ்தவன் உண்ணலாமா என்று கொரிந்து சபையில் வினா எழுந்தது. உண்ணும் உரிமை உண்டு, ஆனால் அதனால் பலவீனமான சகோதரனின் மனச்சாட்சி இடறுமானால் அந்த உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது பவுலின் விடை. ரோமருக்கு எழுதிய நிருபத்திலும் இதே நெறி உண்டு. 1577-இல் உருவான லூத்தரன் இணக்க அறிக்கை, கடவுள் கட்டளையிடாததும் விலக்காததுமான சடங்குகளைத் தனி வகையாகப் பிரித்து, அவற்றில் பலவீனரைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னது. சாதியை அந்த வகையில் சேர்த்துவிட்டால் மற்றவை எளிதாகிவிடும். தரங்கம்பாடிப் புதிய எருசலேம் ஆலயத்தில் சாதிவாரியாக விலகி அமர்ந்ததும் ஊர் வழக்கம் என்ற பெயரில் நிலைத்தது.

ஆனால் பவுலின் நெறியில் விட்டுக்கொடுப்பவன் வலியவன். தரங்கம்பாடியிலோ நிலமும் மதிப்பும் உடையோர் பலவீனரின் இடத்தில் அமர்ந்தனர். விட்டுக்கொடுக்கும் கடமை இராஜநாயக்கன் மேல் விழுந்தது. மேலும், கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுலே வேறொரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உண்டுவந்த பேதுரு, சிலருக்கு அஞ்சிப் பந்தியிலிருந்து விலகினார். அங்கே பவுல் பொறுத்துக்கொள்ளவில்லை; முகத்துக்கு நேரே எதிர்த்தார். எதை உண்பது என்பது ஒரு கேள்வி, யாரோடு உண்பது என்பது வேறு.

இவ்விரண்டும் ஒன்றாகக் குழம்பிய இடம் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் எழுத்து. சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர், சரபோஜி மன்னரின் ஆதரவு பெற்ற கவிஞர். 1820-களில் வந்த புதிய மிஷனரிகளைக் கண்டித்து அவரும் அவரைச் சார்ந்தோரும் முன்வைத்த குறைகள் நான்கு: பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியது, சாதியாரை ஒன்றாகக் கலக்கச் செய்தது, பூக்களை விலக்கியது, தமிழ்ப் பாட்டையும் இசையையும் தடுத்தது. பூவிலும் பாட்டிலும் நியாயம் சாஸ்திரியார் பக்கமே. ஐரோப்பியரின் சுவை அங்கே விசுவாசத்தின் பெயரால் திணிக்கப்பட்டது. சபை இன்றும் அவர் கீர்த்தனைகளைப் பாடுகிறது. ஆனால் மல்லிகைப்பூவும் தனிப்பாயும் ஒரே பட்டியலில் இடம்பெற்றதுதான் சிக்கல். ஒன்று யாரையும் தாழ்த்தாது.

பேராயர் ஹீபர் 1826-இல் சாதியைச் சமூக வேற்றுமையாகக் கருதி மென்மையாக அணுகினார். பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் எழுதிய சுற்றறிக்கை அதற்கு நேர்மாறு: சாதி வேறுபாடு உடனே, முழுமையாக விடப்பட வேண்டும். அது வேப்பேரியிலும் தஞ்சையிலும் அறிவிக்கப்பட்டபோது பலர் சபையை விட்டு விலகினர். வில்சனின் நோக்கம் சரியானது. அன்னிய அதிகாரத்தின் ஆணைக்குரிய தொனியும் அதில் இருந்தது. விலகியோருக்கு அந்தத் தொனியே வசதியான காரணமாயிற்று.

அவர்களுள் பலரை லைப்சிக் மிஷன் ஏற்றுக்கொண்டது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் 1849 முதல் 1853 வரை மேற்கொண்ட பயணத்தில் தமிழகத்தையும் கண்டவர், தமிழறிந்தவர். சாதி ஒரு குடிமைச் சமூக அமைப்பு, நற்செய்தி அதை மெல்லக் கரைக்கும் என்பது அவர் வாதம். 1850-இல் சென்னையில் மிஷனரிகள் சாதியைக் கண்டித்துக் கூட்டறிக்கை வெளியிட்டபோது லைப்சிக் மிஷனரிகள் அதில் சேரவில்லை. உள்ளுக்குள் எதிர்ப்பு இல்லாமலும் இல்லை. அவர்களுள் ஒருவரான கார்ல் ஆக்ஸ் 1859-இல் இதன் பொருட்டே லைப்சிக்கை விட்டு விலகினார். பின்னர் தென்னார்க்காட்டில் டேனிஷ் மிஷனரி சங்கத்தின் பணி அவரைக் கொண்டே தொடங்கியது.