‘பார்க்க அழகாயில்லை’

1987ஆம் ஆண்டு பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் ஓர் உரையாடல். ஒருவர் மார்க் மாதியோ, 1985இல் பாரி-ரூபே பந்தயத்தை வென்ற சைக்கிள் வீரர். மற்றவர் ழானி லோங்கோ, சாலைப் பந்தயத்தின் உலகச் சாம்பியன். பெண்கள் நடனமாடினால் பார்க்க நன்றாயிருக்கிறது, சைக்கிள் பந்தயத்தில் ஓடினால் அசிங்கமாயிருக்கிறது என்ற கருத்தை லோங்கோவின் முகத்துக்கு நேராகவே சொல்கிறார் மாதியோ. அவருடைய வேகம் பற்றியோ வெற்றிகள் பற்றியோ பேச்சில்லை. வேர்த்து விறுவிறுக்கும் பெண்ணுடல் ஆண் கண்ணுக்கு உவப்பாயிருக்கிறதா என்பதே அங்கே அளவுகோல்.

அந்த அளவுகோல் ஒரு தனிமனிதருடையது அல்ல. ஆண்கள் 1896 முதலே ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் ஓடினார்கள். பெண்கள் 1984 வரை காத்திருந்தார்கள். பெண்களுக்கான முதல் உலகச் சாலைச் சாம்பியன் போட்டி 1958இல் பிரான்சின் ரேன்ஸ் நகரில் நடந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் அன்னசியில் லோங்கோ பிறந்தார். பனிச்சறுக்கிலிருந்து சைக்கிளுக்கு வந்த அவர், 1979இல் பிரான்சின் தேசியச் சாம்பியனானார்.

1984இல் பெண்களுக்கும் ஒரு டூர் டி பிரான்ஸ் தொடங்கியது. ஆண்கள் வருவதற்குச் சில மணிநேரம் முன்பு அதே சாலைகளில் பெண்கள் ஓட்டினார்கள். அவ்வாண்டு வென்ற அமெரிக்கப் பெண் மரியான் மார்ட்டினுக்குக் கிடைத்த பரிசு ஏறத்தாழ 1,000 டாலர். ஆண்களில் வென்ற லோரான் ஃபின்யோனுக்கு ஒரு லட்சம் டாலருக்கும் மேல். அடுத்த இரண்டு ஆண்டுகள் இத்தாலியின் மரியா கானின்ஸிடம் தோற்று இரண்டாவதாக வந்த லோங்கோ, 1987, 1988, 1989 என மூன்று முறை தொடர்ந்து வென்றார். அத்துடன் அந்தப் பந்தயமே நின்றுபோனது. பின்னர் வேறு அமைப்பாளர்கள் நடத்திய பெண்கள் பந்தயத்துக்கு ‘டூர் டி பிரான்ஸ்’ என்ற பெயரைப் பயன்படுத்தும் உரிமைகூட இல்லை.

லோங்கோ நிற்கவில்லை. 1984 ஒலிம்பிக்கில் இறுதிக்கோட்டுக்கு அருகில் நேர்ந்த மோதலில் சைக்கிள் பழுதாகி ஆறாவது இடம். 1992இல் வெள்ளி. 1996இல் அட்லாண்டாவின் மழையில், 37 வயதில், தங்கம். 2000இல் வெண்கலம். 2008இல் பெய்ஜிங்கில், 49 வயதில், தனிநபர் நேரப் பந்தயத்தில் நான்காவது இடம். வெண்கலம் இரண்டு நொடிக்கும் குறைவில் நழுவியது. சாலையிலும் ஓடுதளத்திலுமாக 13 உலகப் பட்டங்கள். வீரர்களை முப்பதுகளின் நடுவிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடும் விளையாட்டு இது.

ஆனாலும் அவரைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. 1987இல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி ஒரு மாதத் தடை பெற்றார். பின்னாளில், ஈபிஓ மருந்து வாங்கியதாக அவருடைய கணவரும் பயிற்சியாளருமானவர் மீது வழக்கு வந்தது. தன் சொந்த உபயோகத்துக்கே வாங்கியதாக அவர் சொன்னார். சாதித்த பெண் அப்பழுக்கற்றவளாகவும் இருந்தால்தான் அவள் வரலாற்றுக்கு இடமுண்டு என்றால், அதுவும் ‘அழகாயில்லை’ என்பதன் இன்னொரு வடிவமே. குறையை மறைக்காமல் எழுதுவோம். ஆனால் எழுதாமல் விடமாட்டோம்.

பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ் அந்தப் பெயரோடு பல நாள் பந்தயமாக மீண்டது 2022இல். 2025இல் போலீன் ஃபெரான்-ப்ரேவோ வென்றபோது, லோங்கோவுக்குப் பிறகு 36 ஆண்டுகள் கழித்து ஒரு பிரெஞ்சுப் பெண் வென்றதாகச் செய்திகள் எழுதின. கணக்கு சரிதான். ஆனால் இடையில் இருபதுகளைக் கடந்துபோன பெண்கள் ஏறுவதற்கு, அந்தப் பெயரில் ஒரு மலைகூட இல்லை. நடத்தப்படாத பந்தயத்தில் தோற்றவர்களின் பட்டியல் எந்த ஆவணத்திலும் இருக்காது. பெண்களின் வரலாற்றை எழுதும்போது நாம் முதலில் தேட வேண்டியது அந்த வெற்றுப் பக்கங்களைத்தான்.