பதினேழு ஆண்டுகளின் பின் திரும்பிய இரு பொலிஸார்

ஒரு திரைப்படத்தின் இரண்டாம் பாகம் வெளிவந்து பதினேழு ஆண்டுகள் கழிந்தபின் மூன்றாம் பாகம் வருமானால், அதைப் பார்க்க எவர் போவார்? 2020 ஜனவரி 17ஆம் திகதி ‘பேட் போய்ஸ் ஃபோர் லைஃப்’ அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தபோது எழுந்த கேள்வி இதுவேயாகும். ஜனவரி மாதத்தைத் தனக்கு அதிக நம்பிக்கையில்லாத படங்களுக்கென ஒதுக்கிவைப்பது ஹொலிவூட்டின் நெடுநாள் வழக்கம். ஆயினும் முதல் மூன்று நாட்களில் வட அமெரிக்காவில் மட்டும் 62 மில்லியன் டொலருக்கும் அதிகமாக அப்படம் வசூலித்தது. உலகளாவிய வசூல் 426 மில்லியன் டொலரை எட்டியது. மார்ச் மாதத்தில் கொவிட் தொற்றினால் திரையரங்குகள் மூடப்பட்டன. அதற்கு முன்னரே தன் வசூலின் பெரும்பகுதியை ஈட்டிவிட்ட இப்படம், 2020இல் அமெரிக்காவில் அதிக வசூல் பெற்ற படமாகவும் அமைந்தது.

இந்த வெற்றியின் பொருளை அறிய, இவ்வகைப் படங்களின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். ஒத்துப்போகாத இருவரை ஒரே வழக்கில் பிணைத்துவிடுவதே இவற்றின் அடிப்படை. 1967இல் வெளிவந்து சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்ற ‘இன் த ஹீட் ஒஃப் த நைட்’ படத்தில், சிட்னி பொய்ட்டியர் நடித்த கறுப்பினத் துப்பறிவாளரும் ரொட் ஸ்டைகர் நடித்த வெள்ளையினப் பொலிஸ் தலைவரும் மிசிசிப்பி நகரொன்றில் எதிரெதிரே நின்றனர். அப்படத்தில் சிரிப்பு குறைவு, இனப்பகையே பொருள். 1982இல் எடி மேர்பியும் நிக் நோல்டியும் நடித்த ‘48 அவர்ஸ்’ அதே பகையை நகைச்சுவையாக்கியது. 1987இல் ‘லீத்தல் வெப்பன்’ அதனைக் குடும்பக் கதையாக்கியது. மூன்றிலும் இருவருள் ஒருவர் வெள்ளையர், மற்றவர் கறுப்பர் என்பதே கதையின் இயங்குவிசையாக இருந்தது.

1995இல் மைக்கல் பே இயக்கிய ‘பேட் போய்ஸ்’ இந்த வழக்கத்தை மாற்றியது. இருவருமே கறுப்பினத்தவர். மியாமி நகரப் போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் துப்பறிவாளர்களான மைக் லோரியாக வில் ஸ்மித்தும், மார்க்கஸ் பர்னெட்டாக மார்ட்டின் லோரன்ஸும் நடித்தனர். அப்போது இருவரும் தொலைக்காட்சித் தொடர்களால் அறியப்பட்டவர்கள். கறுப்பின நடிகர்களை முன்னிறுத்தும் படங்கள் வெளிநாடுகளில் விலைபோகா என்பது அக்கால ஹொலிவூட்டின் உறுதியான நம்பிக்கை. 19 மில்லியன் டொலர் செலவில் உருவான இப்படம் 141 மில்லியன் வசூலித்தது; அதில் பாதிக்கும் மேற்பட்ட தொகை அமெரிக்காவுக்கு வெளியிலிருந்தே வந்தது. தயாரிப்பாளர்களின் நம்பிக்கையைப் பார்வையாளர் பொய்யாக்கிய சந்தர்ப்பம் இது.

படத்தின் பெயர் பற்றியும் ஒரு செய்தி உண்டு. ஜமெய்க்காவின் ‘இன்னர் சேர்க்கிள்’ இசைக்குழு 1987இல் ‘பேட் போய்ஸ்’ என்னும் பாடலை வெளியிட்டது. 1989இல் தொடங்கிய ‘கொப்ஸ்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அதுவே முகப்புப் பாடலாயிற்று. உண்மையான பொலிஸாரின் பின்னால் கமராவுடன் சென்று, மனிதர் கைதாவதைக் காட்டிய நிகழ்ச்சி அது. பாடலில் ‘பேட் போய்ஸ்’ என்போர் பொலிஸார் தேடிவரும் குற்றவாளிகள். திரைப்படமோ அப்பெயரைப் பொலிஸாருக்கே சூட்டியது. சட்டத்தைக் காப்பவரே சட்டத்தை மீறும்போது பார்வையாளர் கைதட்டுவர் என்ற எதிர்பார்ப்பு அப்பெயரிலேயே அடங்கியிருந்தது.

2003இல் வந்த இரண்டாம் பாகம் அந்த எதிர்பார்ப்பை அதன் எல்லைவரை கொண்டுசென்றது. 130 மில்லியன் டொலர் செலவு, இரண்டரை மணிநேர ஓட்டம், சவச்சாலையில் நகைச்சுவை, இறுதியில் கியூபாவுக்குள் ஆயுதங்களுடன் ஊடுருவல். மலைச்சரிவின் ஏழைக் குடிசைகளை நொருக்கிக்கொண்டு ஒரு வாகனம் இறங்கும் காட்சியும் உண்டு. விமர்சகர்களில் பெரும்பாலோர் இப்படத்தை நிராகரித்தனர். ‘சிக்காகோ சன்-டைம்ஸ்’ பத்திரிகையின் ரொஜர் ஈபர்ட் ஒரேயொரு நட்சத்திரமே வழங்கினார். மார்க்கஸின் மகளை வெளியே அழைத்துச்செல்ல வந்த ரெஜி என்னும் பதின்ம வயதுக் கறுப்பினச் சிறுவனை, இருவரும் துப்பாக்கி காட்டி மிரட்டும் காட்சியை அவர் கடுமையாகச் சாடினார்.

ஆனால் திரையரங்கிலிருந்து வெளிவருவோரிடம் கருத்துக் கேட்டு மதிப்பெண் வழங்கும் ‘சினமா ஸ்கோர்’ நிறுவனத்தின் கணிப்பில் அதே படம் ‘ஏ’ தரத்தைப் பெற்றது. விமர்சகருக்கும் பார்வையாளருக்கும் இடையிலான இந்த இடைவெளியை ரசனைக் குறைவு என்று சொல்லித் தள்ளிவிடுவது எளிது. எனினும் அது போதுமான விளக்கமாகாது. விமர்சகர் ஒரு படத்தை அந்த ஒரு படமாகவே அளக்கிறார். தொடரின் பார்வையாளரோ தனக்குப் பழக்கமான இரு மனிதரைச் சந்திக்கப் போகிறார். அச்சந்திப்பு நிகழ்ந்ததா என்பதே அவரது முதல் அளவுகோல்.

2020இல் இது மேலும் தெளிவாயிற்று. மைக்கல் பேக்குப் பதிலாக, மொரோக்கோ வம்சாவளியினரான பெல்ஜிய இயக்குநர்கள் அடில் எல் அர்பியும் பிலால் ஃபல்லாவும் மூன்றாம் பாகத்தை இயக்கினர். ஸ்மித்துக்கு 51 வயது, லோரன்ஸுக்கு 54. மார்க்கஸ் பேரப்பிள்ளை கண்டு ஓய்வுபெற விழைகிறார். இனி வன்முறை செய்வதில்லை என இறைவனிடம் வாக்களிக்கிறார். மைக் சுடப்பட்டு மரணத்தின் விளிம்புவரை சென்று மீள்கிறார். முதுமையை மறைக்காமல் கதையாக்கியதே பார்வையாளரை மிகவும் கவர்ந்தது. இம்முறை விமர்சகர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினரும் படத்தை ஏற்றுக்கொண்டனர். ‘சினமா ஸ்கோர்’ மீண்டும் ‘ஏ’ வழங்கியது.

மாறுபட்ட கருத்துகளும் இல்லாமலில்லை. மைக்கைக் கொல்ல வந்த இளைஞன் அவரது சொந்த மகனே என்ற திருப்பத்தைப் பலர் தொலைக்காட்சித் தொடர்களின் மலிவான உத்தியாகக் கருதினர். வில் ஸ்மித் தன் இளம் வயது உருவத்துடன் மோதும் ‘ஜெமினி மேன்’ மூன்று மாதங்களுக்கு முன்னர்தான் வெளிவந்திருந்தது என்பதும் நினைவூட்டப்பட்டது. முதற் படத்திலிருந்து உடன்வந்த கப்டன் ஹவார்டின் கொலை வேறுவகையான எதிர்ப்பைக் கிளப்பியது. படத்தின் குறையைச் சுட்டிய குரல்களை விட, நெடுநாள் அறிந்த ஒருவரை இழந்தவரின் குரல்களே அதில் மிகுந்தன.

ரெஜியின் கதை இவ்விடத்தில் தனிக்கவனத்துக்குரியது. 2003இல் மிரட்டப்பட்டு நின்ற அந்தச் சிறுவன், 2020இல் மார்க்கஸின் மகளைக் கரம்பிடிக்கும் மருமகனாக வருகிறான். அதே நடிகரே நடித்தார். 2024 ஜூனில் வந்த நான்காம் பாகமான ‘ரைட் ஓர் டை’யில், கடற்படைத் துருப்புவீரனான அவன் வீடு புகுந்த ஆயுததாரிகளைத் தனித்து முறியடிக்கிறான். அந்தப் படத்தில் திரையரங்குகள் ஆரவாரித்த காட்சிகளுள் அது முதன்மையானது. ஈபர்ட் 2003இல் சொன்னது பிழையன்று. அக்காட்சியின் கொடுமை இன்றும் அப்படியே இருக்கிறது. அதனை மறவாதிருந்த பார்வையாளரோ அந்தச் சிறுவனையும் மறக்கவில்லை. இருபத்தொரு ஆண்டுகளின் பின் அவன் தலைநிமிர்ந்தபோது கிடைத்த கைதட்டல், ஒருவகையில் நியாயம் தீர்த்த கைதட்டலாகும்.

இதே பழக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. மூன்றாம் பாகம் வெளிவந்து நான்கு மாதங்களில், 2020 மே 25ஆம் திகதி, மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் ஃபுளொய்ட் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரின் முழங்காலின் கீழ் மூச்சடங்கி இறந்தார். ஜூன் மாதத்தில் ‘கொப்ஸ்’ நிகழ்ச்சியை அதன் அப்போதைய அலைவரிசை கைவிட்டது. மறு ஆண்டு அது வேறிடத்தில் திரும்பி வந்தது. பொலிஸாரின் அத்துமீறலை வீரமாகக் காட்டும் படங்கள் மக்களைப் பழக்கப்படுத்திவிட்டனவா என்ற விவாதம் அமெரிக்காவெங்கும் எழுந்தது. பெயரைப் பாடலிடம் கடன் வாங்கிய இத்தொடரும் அந்தக் கேள்விக்குத் தப்பவில்லை. நாம் நேசிக்கும் மனிதர் செய்யும் அத்துமீறல் நம் கண்ணில் அத்துமீறலாகப் படுவதில்லை. திரையில் அது பொழுதுபோக்கு. சீருடை அணிந்த உண்மை மனிதரிடத்தும் அதே பார்வை தொடருமானால் விளைவு வேறு.

நான்காம் பாகத்திலும் இத்தகைய மன்னிப்பைக் கண்டோம். 2022 மார்ச் மாதத்தில் ஒஸ்கார் மேடையில் கிறிஸ் ரொக்கை அறைந்த வில் ஸ்மித்துக்கு, அகடமி தன் நிகழ்வுகளில் பங்கேற்கப் பத்தாண்டுத் தடை விதித்தது. அவரது திரைவாழ்வு முடிந்தது என்றே பலர் எழுதினர். 2024இல் மார்க்கஸ் மைக்கைத் திரும்பத் திரும்ப அறையும் காட்சியில் அரங்குகள் சிரித்தன. படம் 400 மில்லியன் டொலரைத் தாண்டியது. கதையிலோ, இறந்தபின் களங்கப்படுத்தப்பட்ட கப்டன் ஹவார்டின் பெயரை மீட்கவே இருவரும் புறப்படுகின்றனர்.

பிந்திவரும் தொடர்ச்சிப் படங்களுக்குப் பார்வையாளர் வழங்கும் தீர்ப்பை இகழ வேண்டியதில்லை. கறுப்பின நாயகர் இருவர் உலகச் சந்தையில் நிற்பர் என்பதைத் தயாரிப்பாளருக்கு முன்பே கண்டுகொண்டவர்கள் அவர்களே. முதுமையை ஏற்றவர்களும் ரெஜியை நினைவில் வைத்திருந்தவர்களும் அவர்களே. ஆனால் நொருக்கப்பட்ட அந்தக் குடிசைகளில் வாழ்ந்தவர் எவரும் அடுத்த பாகத்தில் மருமகனாகத் திரும்பி வரவில்லை. அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டவரும் அதிகமில்லை.