தித்திவங்சா: பிளந்த கரையில் எழுந்த மலை

கேமரன் மலைக்கோ கெந்திங் மலைக்கோ ஒருமுறையேனும் போய் வராத மலேசியத் தமிழர் குறைவு. அவை இரண்டும் தீபகற்பத்தின் முதுகெலும்பாக ஏறத்தாழ 480 கிலோமீட்டர் நீளத்திற்கு நிற்கும் தித்திவங்சா மலைத்தொடரைச் சேர்ந்தவை. அதன் உயர்ந்த சிகரம் பேராக்கிலுள்ள கொர்பு மலை. உயரம் 2,183 மீட்டர். இந்த மலைத்தொடர் ஏன் இதே இடத்தில் எழுந்தது? ஈயம் ஏன் இதன் மேற்கு அடிவாரத்தில் அவ்வளவாகக் குவிந்தது? மலை எழுந்த காலத்தை மட்டும் ஆராய்ந்தால் விடை கிடைக்காது. அதற்கும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருங்கண்டம் பிளந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

கனடாவைச் சேர்ந்த புவியியல் அறிஞர் ஜான் துசோ வில்சன் 1966-இல் ஒரு கேள்வி எழுப்பினார். அட்லாண்டிக் பெருங்கடல் ஒருமுறை மூடிப் பின் மறுபடியும் திறந்ததா என்பதே அது. கண்டம் பிளந்து கடல் பிறக்கிறது. கடல் மூடிக் கண்டங்கள் மோதுகின்றன. மோதிய இடத்தில் மலை எழுகிறது. பிறகு அதே தழும்பை ஒட்டி மறுபடியும் பிளவு வரலாம். கிழிந்த துணியைத் தைத்தாலும் அது அடுத்த முறை தையலோரத்தில்தானே கிழியும்! இந்தச் சுழற்சிக்கு இன்று வில்சனின் பெயரே வழங்குகிறது.

மலேசியத் தீபகற்பமும் இப்படித் தைக்கப்பட்ட நிலம்தான். இதன் மேற்குப் பாதியும் கிழக்குப் பாதியும் ஒரு காலத்தில் வெவ்வேறு நிலத்துண்டுகள். இரண்டும் தெற்கே இருந்த கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் பிள்ளைகள். கிழக்கு மலாயாவைச் சுமந்த துண்டு ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்து வடக்கே நகர்ந்தது. அது விட்டுச்சென்ற இடைவெளியில் தொல் தெத்திசு என்னும் கடல் விரிந்தது. மேற்குத் துண்டோ மேலும் 10 கோடி ஆண்டுகளுக்கு மேல் தாய்க் கண்டத்தோடு, ஆஸ்திரேலியாவின் வடமேற்குப் பக்கமாக ஒட்டியிருந்து, 29 கோடி ஆண்டுகளுக்கு முன் வாக்கில்தான் கழன்றது. சயாம், பர்மா, மலாயா, சுமத்ரா ஆகிய பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து, இதற்குச் சிபுமாசு என்று பெயரிட்டவர் இயன் மெட்காஃப் என்ற ஆய்வாளர். கடல்கொண்ட குமரிக் கண்டத்தோடு இதைச் சேர்த்துப் பேச ஆசை வரலாம். ஆனால் மனித இனமே தோன்றாத காலத்துச் செய்தி இது.

இதற்குச் சாட்சி லங்காவியில் இருக்கிறது. அங்குள்ள சிங்கா பாறையடுக்கில், மெல்லிய சேற்றுப் படிவத்தின் நடுவே பொருத்தமில்லாத கூழாங்கற்கள் புதைந்துள்ளன. கடலில் மிதந்த பனிக்கட்டி உருகியபோது அதிலிருந்து விழுந்த கற்கள் அவை என்று 1980-களில் ஆய்வாளர்கள் விளக்கினர். இன்று வெயில் கொளுத்தும் லங்காவி, அன்று பனியாறுகளுக்கு அருகே கிடந்திருக்கிறது! மலாயாவில் 1903 முதல் அரசுப் புவியியலாளராகப் பணியாற்றிய ஸ்கிரிவெனர், கோப்பெங் வட்டாரத்து ஈயக் களிமண்ணைப் பனியாறு கொண்டுவந்து சேர்த்ததாக வாதிட்டார். பிறர் அதை ஏற்கவில்லை. கோப்பெங்கைப் பொறுத்தவரை அவர் கூற்று தவறுதான். ஆனால் பழைய மலாயாவில் பனியின் தடம் உண்டு என்ற எண்ணம் வேறோர் இடத்தில் உண்மையாயிற்று. கிழக்குப் பாதியில் பனியின் தடம் இல்லை. அங்கே அதே யுகத்தைச் சேர்ந்த பாறைகளில் கிடைப்பவை, சீனாவின் பழைய வெப்பக் காடுகளுக்கு உரிய செடிகளின் புதைபடிவங்கள்.

இரு பாதிகளும் சந்தித்த தையல், தித்திவங்சாவின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டி, பெந்தோங், ராவுப் வழியாக ஓடுகிறது. காராக் பக்கத்துச் சாலையோர வெட்டுகளில் ஆழ்கடலின் நுண்ணுயிர்க் கூடுகள் இறுகிய பாறைகள் தென்படுகின்றன. அவற்றின் வயதை வைத்துப் பார்த்தால், அங்கிருந்த கடல் 10 கோடி ஆண்டுகளுக்கும் மேல் நீடித்திருக்கிறது. பகாங் காட்டோரம் ஒரு பெருங்கடலின் அடித்தளம்!

கண்டம் பிளக்கும்போது அதன் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் அறுபடாது. மாவை இழுப்பதுபோல் நீண்டு மெலியும். படிப்படியாகச் சரியும் வெடிப்புகள் விழும். மெலிந்த அந்த ஓரம் தாழ்ந்து ஆழமற்ற கடலாகும். சிபுமாசுவின் அத்தகைய கடலோரத்தில் படிந்த சுண்ணாம்பே ஈப்போவைச் சூழ்ந்த குன்றுகள். பத்துமலைச் சுண்ணாம்போ இன்னும் பழையது. 40 கோடி ஆண்டு வயது அதற்குச் சொல்லப்படுகிறது. கடல் மூடி, 20 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன்பு மோதல் முற்றியபோது, நசுங்கி மடிந்தது இந்த ஓரம்தான். மலை எங்கே எழும் என்பதைப் பழைய பிளவு முன்கூட்டியே கோடு போட்டு வைத்திருந்தது என்று சொல்வதில் மிகையில்லை.

மலையின் சரக்கும் அப்படியே. சிபுமாசுவின் அடியில் இருந்தது கோண்டுவானாவின் மிகப் பழைய நிலவோடு. அது தடித்து உருகியதில் பிறந்த கருங்கல்லே தித்திவங்சாவின் உடல். அந்தக் குழம்பில்தான் ஈயம் செறிந்தது. உருகிய விதம் பற்றி ஆய்வாளரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. கிழக்கே சுங்கை லெம்பிங்கிலும் பெரிய ஈயச் சுரங்கம் இருந்ததால், மேற்குக்கு மட்டுமே ஈயம் சொந்தம் என்றும் சொல்லிவிட முடியாது. பிறகு மழையும் ஆறும் மலையை அரித்தன. இன்று தெரிவது பழைய மலையின் வேர்ப்பகுதிதான். அரித்து வந்த ஈயமணல் கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குழிகளில் தேங்கியது.

அந்த மணலைத் தேடித்தான் சீனத் தொழிலாளர்கள் வந்தார்கள். தைப்பிங்கும் ஈப்போவும் வளர்ந்தன. ஈயத்தைத் துறைமுகம் சேர்க்கத் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885-இல் மலாயாவின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர் படை போட்ட பாதை அது. அதன்பின் இரயில்வேயில் தமிழர் பெற்ற இடம் தனி வரலாறு. சரியாக நூறு ஆண்டு கழித்து, 1985-இல், உலக ஈயச் சந்தை சரிந்து சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன.

ஆனாலும் பழைய வெடிப்புகள் முழுமையாக உறங்கிவிடவில்லை. 2004 டிசம்பர் 26-இல் சுமத்ராவை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு, 2007 நவம்பர் முதல் பெந்தோங் மாவட்டத்தின் புக்கிட் திங்கியில் சிறு அதிர்வுகள் தொடர்ந்து பதிவாயின. எந்த அதிர்வும் 4 ரிக்டரை எட்டவில்லை. சுமத்ராவில் மாறிய அழுத்தம் இங்குள்ள பழைய வெடிப்புகளைச் சற்றே அசைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். 2025 ஆகஸ்டில் ஜொகூரின் செகாமாட்டில் 4.1 அளவில் நிலம் அதிர்ந்தபோது, தீபகற்பத்தில் நிலநடுக்கமே வராது என்று நம்பியிருந்தவர்கள் விடியற்காலையில் வீட்டை விட்டு வெளியே ஓடிவந்தார்கள்.