பழைய போனுக்குப் புதிய கோப்பு முறைமை கிடைக்குமா? கல்வராயன் மலையை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

நூறு நாள் வேலைக்கான கைப்பேசி வருகைப்பதிவு 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளிப் பணிகள் தவிர, எல்லாப் பணித்தளங்களிலும் கட்டாயமானது. பணித்தளப் பொறுப்பாளர் தினமும் இரு முறை படம் எடுக்க வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் அந்தப் படம் போனிலேயே தங்கி, சிக்னல் கிடைத்ததும் இணையத்தில் ஏறும். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டிய சிற்றூர்களில் இப்படித் தங்குவது வழக்கமான ஒன்று. படங்கள் சேரச் சேர, ஐந்தாறு வயதான போன் 'ஹேங்' ஆகிறது. "அப்டேட் போடுங்க, வேகமாயிடும்" என்பது எங்கும் கேட்கும் அறிவுரை. சேமிப்பகத்தில் கோப்புகளை எப்படி எழுதி அடுக்குவது என்பதைத் தீர்மானிக்கும் கோப்பு முறைமையைப் பொறுத்தவரை அது எவ்வளவு தூரம் உண்மை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சேமிப்பகத்தில் இயங்குதளம் இருக்கும் தயாரிப்பாளரின் பகுதியை அப்டேட் மாற்றும். படங்களும் செயலித் தரவும் இருக்கும் பயனரின் பகுதியின் முறைமையைப் பெரும்பாலும் தொடாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

வேகம் எங்கே குறைகிறது?

போனின் சேமிப்பகமான ஃபிளாஷ் சில்லில் எழுதிய இடத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாது. திருத்தம் புதிய பக்கத்துக்குப் போகும்; செல்லாத பழைய பக்கங்களை மொத்தமாகவே அழிக்க முடியும். ஆண்ட்ராய்டு செயலிகள் பலவும் நம்பியிருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளம் ஒரு வரியைச் சேமிக்கவே தன் குறிப்பேட்டில் ஒரு முறையும் தரவில் ஒரு முறையும் எழுதும். அதற்கு அடியில் எக்ஸ்ட்-4 கோப்பு முறைமை தன் குறிப்பேட்டையும் எழுதும். ஒரு வரிக்கு இத்தனை முறை எழுத வேண்டியிருப்பதுதான் சுமை.

இதைக் குறைக்கவே சாம்சங் எஃப்2எஃப்எஸ் என்ற முறைமையை உருவாக்கியது. மாற்றங்களைத் தொடர்வரிசையாகவே எழுதிச் செல்வது அதன் இயல்பு. 2013-இல் அது லினக்ஸ் 3.8-இல் சேர்ந்தது. அதே ஆண்டில் மோட்டோ எக்ஸ் போனிலும், 2018-இல் கூகுளின் பிக்சல் 3-இலும் இடம்பெற்றது. ஆனால் இவை அந்த முறைமையோடு பிறந்த போன்கள். பின்னால் பெற்றவை அல்ல.

இரண்டு முன்னுதாரணங்கள்

பழைய போன் புது முறைமை பெற்றதற்குத் தெளிவான சான்று ஆப்பிள். 2017 மார்ச் 27-இல் வந்த ஐஓஎஸ் 10.3, 1998-இல் வந்த எச்எஃப்எஸ் பிளஸ் முறைமையை ஏபிஎஃப்எஸ்ஸாக மாற்றியது. 2012-இல் வந்த ஐபோன் 5-க்கும் அது கிடைத்தது. கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்க, அவற்றைப் பற்றிய அட்டவணை மட்டும் புதிதாக எழுதப்பட்டது. முந்தைய அப்டேட்டுகளிலேயே, பயனருக்குத் தெரியாமல், ஆப்பிள் இந்த மாற்றத்தை ஒத்திகை பார்த்திருந்தது.

இரண்டாவது ஹுவாவே. 2019-இல் இஎம்யுஐ 9.1 அப்டேட் வழியாக, முன்பே விற்ற சில மாடல்களின் இயங்குதளப் பகுதிக்கு ஈரோஃப்ஸ் என்ற சுருக்கப்பட்ட முறைமையை அது கொடுத்தது. அந்தப் பகுதி படிக்க மட்டுமே உரியது. பயனரின் படங்கள் அங்கே இல்லை.

தடை தொழில்நுட்பமா?

ஆப்பிள் துணிந்ததை ஆண்ட்ராய்டு தயாரிப்பாளர்கள் ஏன் செய்வதில்லை? எக்ஸ்ட்-4 பகுதியை அப்படியே எஃப்2எஃப்எஸ்ஸாக மாற்றும் வழி வழக்கத்தில் இல்லை; அழித்து மறுபடி ஃபார்மேட் செய்ய வேண்டும். மாடல்களோ எண்ணற்றவை. இயங்குதளத்தின் மையமான கெர்னலும் பெரும்பாலும் போன் வெளிவந்தபோது இருந்த பதிப்பு வரிசையிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே, அப்டேட்டில் புது முறைமை வந்தாலும் 'ரீசெட்' செய்தவருக்கே அது கிடைக்கும்.

இங்கேதான் மலை குறுக்கிடுகிறது. ரீசெட்டுக்கு முன் பேக்கப் வேண்டும். பேக்கப்புக்கு இணையம் வேண்டும். பட்டாவின் படம், சாதிச் சான்றிதழ், ஏறாமல் நிற்கும் வருகைப் படங்கள் எல்லாம் அந்த ஒரு போனில்தான். கள்ளக்குறிச்சி நகரத்தில் இருப்பவருக்கு ஒரு மாலை வேலையாக முடிவது, மலையில் இருப்பவருக்குச் சொத்தைப் பணயம் வைப்பது போன்றது.

ஒரு மறுப்பு

முறைமை மாறாமலே அப்டேட் வேகம் தந்ததுண்டு என்று சொல்லலாம், சரியே. 2013-இல் ஆண்ட்ராய்டு 4.3, அழித்த கோப்புகளின் இடம் காலி என்பதைச் சில்லுக்கு அறிவிக்கும் 'டிரிம்' வசதியைக் கொண்டுவந்தது. நாளாக நாளாக மந்தமான 2012 நெக்சஸ் 7-க்கு அது பெரிதும் உதவியது. ஆனால் டிரிம்முக்கு வேலை இருப்பது, எதையாவது அழித்திருந்தால்தான். மெமரி நிரம்பி வழியும் போனில் அது விடுவிக்க ஒன்றுமில்லை. மேலும், இஎம்எம்சி வகைச் சேமிப்புச் சில்லு ஒரு நேரத்தில் படிக்கும் அல்லது எழுதும். யுஎஃப்எஸ் வகைச் சில்லு இரண்டையும் சேர்த்துச் செய்யும். ஒன்றை மற்றொன்றாக்க எந்த அப்டேட்டாலும் ஆகாது.

முடிவுரை

ஆக, கடைத்தெரு அறிவுரை ஐபோனுக்கு ஒரு முறை மெய்யானது. மலையில் புழங்கும் ஆண்ட்ராய்டு போன்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. அரசுச் செயலிகளை வடிவமைப்போர் படத்தைச் சுருக்கிச் சேமித்து, ஏறியவுடன் போனிலிருந்து நீக்கினால், சுமையும் குறையும், டிரிம்முக்கும் வேலை கிடைக்கும். அதற்கும் படம் முதலில் ஏறியாக வேண்டும். பழைய போனின் வேகத்தைப் பற்றித் தொடங்கிய கேள்வி, கல்வராயனில் டவரைப் பற்றிய கேள்வியாகத்தான் முடிகிறது.